கன்னியப்பன் பெயரில் இறந்தவர்

நான் பணி ஓய்வு பெற்று மூன்று ஆண்டுகள் ஆகின்றன. போன மாதம், என் பழைய அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் போன் செய்தார். ஒரு தொழிற்சாலையில் நேபாளத்துக்காரர் ஒருவருக்கு விரல்கள் நசுங்கிவிட்டன, அவரிடம் ஆதார் இல்லை, கணினி அவர் பெயரை ஏற்க மறுக்கிறது என்றார். பக்கத்து நாட்டுக்காரருக்கு நம் தொழிலாளர் காப்பீட்டில் உரிமை உண்டா என்று கேட்டார். உண்டு என்றேன். எதை வைத்து அவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள் என்றார். சட்டப் பிரிவைச் சொன்னேன். எனக்கு அந்த உறுதி வந்த கதையைச் சொல்லவில்லை. சொல்ல ஆரம்பித்தால் என்னைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கும்.

இருபத்து நான்கு வயதில் எழுத்தராகச் சேர்ந்தேன். காஞ்சிபுரத்தில் சில ஆண்டுகள், பயிற்சி, துறைத் தேர்வு, இரண்டு இடமாற்றங்கள் எல்லாம் முடிந்து உத்திரமேரூர் கிளைக்கு வந்தபோது எனக்கு முப்பத்தாறு வயது. பேருந்து நிலையத்துக்குப் பின்னால், உரக்கடைக்கு மேலே மாடியில் இருந்தது அலுவலகம். என் கணவர் ஓசூரில் வேலை பார்த்தார். நானும் ஏழாம் வகுப்புப் படித்த என் மகளும் இங்கே இருந்தோம்.

கிளை மேலாளர் ஜாபர் சார். குரல் உயர்த்தாத மனிதர். வேலையில் ஒருவர் இறந்தால், இறந்தவர் யார், வேலையினால்தான் இறந்தாரா, அவரை நம்பி இருந்தவர்கள் யார் என்று நேரில் விசாரித்து வாக்குமூலம் எழுதி வருவது எங்கள் பொறுப்பு. ஜாபர் சார் அதற்கென்று ஒரு முறை வைத்திருந்தார். எதிரில் இருப்பவர் தரையில் உட்கார்ந்தால் அவரும் தரையில்தான் உட்காருவார். முழங்கால் வலி இருந்தும் அப்படித்தான். முதல் கேள்வி எப்போதும், அன்றைக்குக் காலையில் அவர் என்ன சாப்பிட்டார் என்பதுதான். மற்ற பதில்களை யாராவது சொல்லிக்கொடுத்து அனுப்பலாம், இதைச் சொல்லிக்கொடுக்க யாருக்கும் தோன்றாது என்பார். அவர்கள் சொன்ன சொல்லையே எழுதுவார். 'வூடு' என்று சொன்னால் 'வூடு' என்றுதான் எழுத வேண்டும். எழுதி முடித்ததும் ஒவ்வொரு வரியாகத் திரும்ப வாசித்துக் காட்டுவார். ஒரு வரிக்குத் தலை அசையவில்லை என்றால் அடித்துவிட்டு மறுபடி கேட்பார்.

நான் வந்த மூன்றாம் ஆண்டில், சாலவாக்கம் பக்கத்தில் இருந்த கல் உடைக்கும் கிரஷர் ஒன்றிலிருந்து விபத்து அறிக்கை வந்தது. ஜல்லி ஏற்றும் பெல்ட்டில் சிக்கித் தொழிலாளி ஒருவர் இறந்துவிட்டார். பெயர் கன்னியப்பன். மனைவி லட்சுமி. மருத்துவமனைச் சான்று, இறப்புச் சான்று, லட்சுமியின் கைநாட்டு வைத்த விண்ணப்பம் எல்லாம் ஒரே வாரத்தில் வந்து சேர்ந்தன. வழக்கமாக ஒரு இறப்புச் சான்று கைக்கு வரவே மாதக்கணக்காகும். ஜாபர் சார் தாள்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிவிட்டு, நேரில் போய் வாருங்கள் என்று மட்டும் சொன்னார்.

ஏரிக்கரையை ஒட்டிய இருளர் குடியிருப்பு அது. பன்னிரண்டு குடிசைகள் இருக்கும். லட்சுமி வாசலில் உட்கார்ந்திருந்தாள். பொட்டில்லாத நெற்றி. நானும் தரையில் உட்கார்ந்தேன். நான் எதுவும் கேட்பதற்கு முன்பே, தன் கணவர் பெல்ட்டில் மாட்டிச் செத்துவிட்டார் என்று ஒரே மூச்சில் ஒப்பித்தாள். என் முகத்தை அவள் பார்க்கவில்லை. நான் ஜாபர் சாரின் கேள்வியைக் கேட்டேன்.

"அது காலைல ஒண்ணும் துன்னாதும்மா. டீத்தண்ணி குடிச்சிட்டு பூடும். ராவுல வந்துதான் சோறு கேக்கும்."

உயிரோடு இருப்பவரைப் போலப் பேசியது, சொல்லி முடித்ததும் அவளுக்கே கேட்டுவிட்டது. கை வாய்க்குப் போனது. அவளுடைய கண்கள் குடிசைக்குப் பின்னால் இருந்த வேலிக்காத்தான் புதரின் பக்கம் போய்த் திரும்பின. நான் பேனாவைக் கீழே வைத்தேன்.

புதருக்குள்ளிருந்து ஒரு ஆள் எழுந்து வந்தார். கைகளில் முள் கீறல்கள். அவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, என்னிடமிருந்து பத்தடி தள்ளி நின்றார்.

"அவளை ஒண்ணும் கேக்காதீங்கம்மா. நான்தான் கன்னியப்பன்."

நடந்ததை அவர் விட்டுவிட்டுச் சொன்னார். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு இரண்டு மாதம் மட்டும் அவர் அந்தக் கிரஷரில் வேலை செய்திருக்கிறார். அப்போது எங்கள் அலுவலகம் அவருக்குப் புகைப்படம் இல்லாத ஒரு தற்காலிகக் காப்பீட்டு அட்டை கொடுத்திருக்கிறது. அவர் வேலையை விட்டு நின்ற பிறகும் ஒப்பந்தக்காரர் அந்த அட்டையை வைத்துக்கொண்டு, நேபாளத்திலிருந்து வந்த ஒருவரை அதே பெயரில் வேலைக்கு வைத்திருக்கிறார். அந்த மனிதர்தான் பெல்ட்டில் சிக்கியவர். உயிர் போன அன்றே ஒப்பந்தக்காரர் ஜீப்பில் வந்து லட்சுமியை மருத்துவமனைக்கு ஏற்றிப் போனார். முன்பின் பார்த்திராத ஒரு உடலைத் தன் புருஷன் என்று சொல்லச் சொன்னார்கள். சொன்னாள். கன்னியப்பன் வெளியே தலைகாட்டினால் அட்டையை விற்றதாகக் கேஸ், அதோடு எங்கேயோ காணாமல் போன ஒரு மோட்டாரைத் திருடியதாகவும் கேஸ் என்று சொல்லியிருந்தார்கள். திருட்டுக் கேஸ் என்ற சொல்லுக்கு அந்தக் குடியிருப்பில் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். அங்கே மூன்று வீடுகளில் ஆண்கள் செய்யாத திருட்டுக்கு ஜெயிலுக்குப் போய்த் திரும்பியவர்கள்.

அன்றிலிருந்து அவர் பகலெல்லாம் புதருக்குள் இருந்தார். அக்கம்பக்கத்தார் அவரோடு பேசுவதையே நிறுத்திவிட்டார்கள். செத்தவனோடு பேசினதாக யாராவது சொல்லிவிட்டால் தங்களுக்கும் வம்பு என்ற பயம்.

நான் பேனாவை மறுபடி எடுத்ததும் அவர் கிட்டே வந்து குந்தினார்.

"என்னை உசுரோட எழுதாதீங்கம்மா. செத்தவனாவே இருந்துட்டுப் போறேன்."

எதையும் எழுதாமல் ஸ்கூட்டியைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜாபர் சார் நான் சொன்னதை முழுவதும் கேட்டார். பிறகு எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். அவர் ஜன்னலைச் சாத்தி நான் அதுவரை பார்த்ததில்லை. கன்னியப்பன் பெயரில் நம்மிடம் என்னென்ன இருக்கிறதோ எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள், நாளை மறுநாள் கிரஷருக்குப் போவோம் என்றார்.

பழைய தாள்கள் பின்கட்டு அறையில் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. அங்கேதான் அந்தத் தாள் எனக்குக் கிடைத்தது. விபத்துக்கு ஓராண்டு முன்பு, கன்னியப்பன் என்ற தொழிலாளி காய்ச்சல் விடுப்புக்கான உதவித்தொகையை எங்கள் கவுண்டரில் வாங்கியிருக்கிறார். இடது கைப் பெருவிரல் ரேகை நன்றாகப் பதிந்திருந்தது. அதற்குக் கீழே, 'இவர்தான் அவர் என்று நேரில் கண்டு சான்றளிக்கிறேன்' என்ற அச்சு வரி. அதற்குக் கீழே என் கையெழுத்து.

எனக்கு அந்த நாள் நினைவுக்கு வந்தது. முகம் வரவில்லை. ஒரு கை மட்டும் வந்தது. விரல் ரேகைகளுக்குள் கல் தூசி அடைந்து, இரண்டு தடவை வைத்தும் ரேகை சரியாகப் படியவில்லை. வரிசை நீண்டிருந்தது. நான் ஈரத் துணியை எடுத்து அந்தப் பெருவிரலை நன்றாகத் துடைத்து, நானே பிடித்து அழுத்தி வைத்தேன். கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டேன். தலையை நிமிர்த்தியிருந்தால், எதிரே நின்றவர் இந்த ஊர்க்காரரா என்றாவது தெரிந்திருக்கும்.

பொய்ச் சான்று கொடுத்தால் எங்கள் துறையில் வேலை போகும். அந்தத் தாளை மற்றவற்றோடு சேர்க்காமல் என் மேசை டிராயரில் வைத்துப் பூட்டினேன். இதற்கு எந்த விளக்கமும் என்னிடம் இல்லை. பயம், அவ்வளவுதான்.

மறுநாள் மதியம், ஜாபர் சார் வங்கிக்குப் போயிருந்த நேரத்தில் ஒப்பந்தக்காரர் வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் செல்போன். மரியாதையாகக் கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார். குடியிருப்புக்கு வந்திருந்தீர்களாமே, ஏதாவது சந்தேகமா என்றார். விசாரணை நடக்கிறது என்றேன். அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"பாப்பா அஞ்சே முக்காலுக்கு ட்யூஷன் முடிச்சி தனியா வருது போல, மேடம். ரோடு சரியில்ல. எங்க லாரிங்க வேற ஓடிக்கினே கீது."

சிரித்துக்கொண்டே எழுந்து போனார். நான் ஐந்து மணிக்கே ட்யூஷன் வீட்டுக்கு ஓடினேன். அந்த வாரக் கடைசியில் மகளை வந்தவாசியில் என் அக்கா வீட்டில் கொண்டுபோய் விட்டேன். ஏன் என்று அவள் கேட்டுக்கொண்டே வந்தாள். நான் சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஒருநாள், மானாம்பதி சாலையில் ஒரு ஜல்லி லாரி என் ஸ்கூட்டியை உரசுவதுபோல வந்து விலகிப் போனது. தற்செயலாக இருக்கலாம். இன்று வரை எனக்குத் தெரியாது.

சொன்னபடி, ஒப்பந்தக்காரர் வந்துபோன மறுநாள் நாங்கள் கிரஷருக்குப் போனோம். எங்கள் வேலைக்கு எந்தத் தொழிற்சாலைக்குள்ளும் நுழையும் அதிகாரம் உண்டு. ஆனால் அந்தக் கேட்டைத் தாண்டும்போது ஜாபர் சார் தன் பையை மார்போடு அணைத்துக்கொண்டதைப் பார்த்தேன். எங்கும் வெள்ளைத் தூசி. இயந்திரச் சத்தத்தில் பக்கத்தில் பேசுவதும் கேட்கவில்லை. தகரக் கொட்டகை ஒன்றில், கட்டிய மூட்டையின் மேல் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். இறந்தவரின் மனைவி, மன்மாயா. மறுநாள் ரயிலுக்கு அவளுக்கு டிக்கெட் போட்டிருந்தார்கள். அவளுடைய கைப்பணத்தை ஒப்பந்தக்காரர் வாங்கி வைத்திருந்தார்.

எங்களைப் பார்த்ததும் எழுந்து கைகூப்பி, போறேன், போறேன், நேபாள் போறேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். எங்களைப் போலீஸ் என்று நினைத்துவிட்டாள். வெளிநாட்டுக்காரர்கள் இங்கே வேலை செய்தால் ஜெயில், விபத்து என்று வாயைத் திறந்தால் ஜெயில் என்று அவளுக்குச் சொல்லப்பட்டிருந்தது. ஜாபர் சார் முழங்காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து இந்தியில் பேசினார். நேபாளத்தவர் இங்கே வந்து வேலை செய்ய இரு நாட்டு உடன்பாடே இடம் கொடுக்கிறது, அதனால் அவள் குற்றவாளி இல்லை. தொழிலாளி என்றால் யார் என்று சொல்லும் பிரிவில் எந்த நாடு என்ற சொல்லே இல்லை. பதிவு செய்யாமல் விட்டது முதலாளியின் தப்பு, அதற்காக இறந்தவரின் குடும்பத்துக்கு உரிமை போகாது. இதையெல்லாம் அவர் இரண்டு முறை சொன்னார். சட்டப் புத்தகத்தைத் திறந்து அந்த வரியைக் காட்டினார். அவளுக்கு அந்த எழுத்து தெரியாது. ஆனாலும் விரல் வைத்த இடத்தை வெகுநேரம் பார்த்தாள்.

பிறகுதான் இடுப்பில் சுற்றியிருந்த துணிக்குள்ளிருந்து மடித்த ஒரு தாளை எடுத்தாள். அவள் கணவர் தில் பகதூரின் நேபாளக் குடியுரிமைச் சான்று. ஒப்பந்தக்காரருக்குத் தெரியாமல் அவள் காப்பாற்றி வைத்திருந்த ஒரே பொருள் அது. புகைப்படம் மங்கிப் போயிருந்தது. அதில் இரண்டு பெருவிரல் ரேகைகளும் பதிந்திருந்தன.

அவளை எங்களோடு அழைத்துக்கொண்டு கிளம்பினோம். கேட்டருகே இரண்டு பேர் வழியில் நின்றார்கள். ஜாபர் சார் நிற்காமல், அவர்கள் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டே நடந்தார். அவர்கள் ஒதுங்கினார்கள். சாலவாக்கத்தில் ஜெராக்ஸ் கடையில் அந்தத் தாளை எங்கள் கையில் அவள் கொடுக்கவில்லை. கண்ணாடியின் மேல் அவளே வைத்து, அவளே எடுத்தாள். நாங்களும் கேட்கவில்லை. அன்றிலிருந்து அவள் ஜாபர் சார் வீட்டு மாடியில் அவர் மனைவியின் பாதுகாப்பில் இருந்தாள்.

இனி ஒன்றுதான் வேண்டும் என்றார் ஜாபர் சார். கிரஷரில் கன்னியப்பன் என்ற பெயரில் வேலை செய்தவர் வைத்த ரேகை ஒன்று கிடைத்தால், சான்றில் உள்ள ரேகையோடு ஒப்பிட்டுவிடலாம். கிரஷர் வருகைப் பதிவேட்டைக் கேட்டால் மழையில் நனைந்து வீணாகிவிட்டது என்றார்கள். உடல் எரிக்கப்பட்டுவிட்டது. ஜாபர் சார் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். அந்த ரேகை அவருக்கு ஆறடி தூரத்தில், என் டிராயரில் இருந்தது.

இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். தாளைக் கிழித்துவிட்டால் யாருக்கும் தெரியாது என்று ஒரு நேரம் தோன்றும். கொடுத்துவிட்டால் மகளை வைத்துக்கொண்டு என்ன செய்வேன் என்று இன்னொரு நேரம். மூன்றாம் நாள் மன்மாயாவிடம் ஒரு படிவத்தில் கைநாட்டு வாங்க ஜாபர் சார் வீட்டுக்குப் போனேன். அவள் விரல் மாவாக இருந்தது. ரொட்டிக்குப் பிசைந்துகொண்டிருந்தாள். நான் பழக்கத்தில் கைக்குட்டையை எடுத்து அவள் பெருவிரலைத் துடைத்தேன். அவள் கையை இழுத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். கிரஷரில் கற்றுக்கொண்ட தமிழில் கேட்டாள்.

"கை தொடச்ச அம்மா... நீயா?"

காய்ச்சல் பணம் வாங்கிக்கொண்டு வந்த அன்று அவர் அவளிடம் சொல்லியிருக்கிறார். ஆபீசில் ஒரு அம்மா, தூசி பார்க்காமல் என் கையைப் பிடித்துத் துடைத்துவிட்டார்கள் என்று. இந்த ஊரில் தனக்கு நடந்த நல்ல காரியமாக அதை அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். அவரை ஏறெடுத்தும் பார்க்காதவள் நான். என்னால் அங்கே உட்கார முடியவில்லை. ஆமாம் என்று தலையசைத்துவிட்டுப் படியிறங்கினேன்.

அன்றே அந்தத் தாளை ஜாபர் சார் மேசையில் வைத்தேன். ரேகையைப் பார்த்தார். கையெழுத்தைப் பார்த்தார். எத்தனை நாளாக உங்களிடம் இருக்கிறது என்று கேட்டார். ஐந்து நாள் என்றேன். திட்டவில்லை. ஒரு வெள்ளைத் தாளை எடுத்துத் தலைப்பிட்டு, என் வாக்குமூலத்தை எழுதத் தொடங்கினார்.

"அவரு மொகத்த பாத்தீங்களா?"

"இல்ல சார்."

அதை அப்படியே எழுதினார். வாசித்துக் காட்டினார். நான் தலையசைத்தேன். பேனாவை மூடினார்.

"எனக்கும் பயமாத்தான் கீது, வசந்தாம்மா. ஆனா இந்தத் தாள் இல்லன்னா அந்தப் பொண்ணு கையில ஒண்ணுமே இல்ல."

அதற்குப் பிறகு காரியங்கள் மெதுவாக, ஆனால் நிற்காமல் நகர்ந்தன. ஜாபர் சார் கன்னியப்பனைத் தன் வண்டியின் பின்னால் ஏற்றிக்கொண்டு, பட்டப்பகலில், கடைத்தெரு வழியாகவே வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போனார். ஊர் பார்க்க வேண்டும் என்றுதான் அந்த வழியில் போனார். ஊர் பார்த்த ஆளை மறைப்பது கஷ்டம். அட்டையை விற்கவில்லை, பறித்து வைத்துக்கொண்டார்கள் என்ற வாக்குமூலம் முதலில் பதிவானதால், மிரட்டிய கேஸ் எதுவும் வரவில்லை. கன்னியப்பனின் ரேகை கவுண்டர் ரேகையோடு பொருந்தவில்லை என்றும், தில் பகதூரின் ரேகை பொருந்துகிறது என்றும் நிபுணர் அறிக்கை வந்தது. வெளிநாட்டவருக்குக் கொடுக்கலாமா என்று மேலிடத்திலிருந்து இரண்டு முறை கேள்வி வந்தது. இரண்டு முறையும் ஜாபர் சார் அதே பிரிவைக் குறிப்பிட்டுப் பதில் எழுதினார். கடைசியில், மன்மாயாவுக்கும் அவர்களுடைய மலை ஊரில் பாட்டியோடு இருந்த மகளுக்கும், நேபாளத்திலேயே மாதாமாதம் கிடைக்கும்படி உதவித்தொகை ஆணையானது. ஒப்பந்தக்காரர் மேல் வழக்குப் போட்டார்கள். அவர் ஜாமீனில் வந்து வேறு ஊரில் வேறு பெயரில் தொழில் தொடங்கினார் என்று கேள்விப்பட்டேன்.

எனக்குக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்தது. வேலை போகவில்லை. ஊதிய உயர்வும் பதவி உயர்வும் சில ஆண்டுகள் தள்ளிப் போயின. ஆனால் அந்த முடிவு தெரியும்வரை எட்டு மாதம், தபால்காரர் படியேறும் சத்தம் கேட்டாலே எழுந்து வாசலுக்குப் போய்விடுவேன்.

மன்மாயா ஊருக்குப் புறப்படும் முன் ஒன்று கேட்டாள். அவரை எரித்த இடத்தில் யார் பெயர் எழுதியிருக்கிறது என்று. மருத்துவமனை இருந்த ஊரின் நகராட்சி எரிமேடைக்குப் போனோம். நானும் ஜாபர் சாரும் மன்மாயாவும். லட்சுமியும் கன்னியப்பனும் தாங்களாகவே பஸ் ஏறி வந்திருந்தார்கள். அங்கே ஒரு சின்ன அறையில் பதிவேடு இருந்தது. பெயரைத் திருத்தச் சொன்ன கோட்டாட்சியர் உத்தரவைப் படித்துப் பார்த்த காவலாளி, பக்கத்தைத் தேடி, சிவப்பு மையால் கன்னியப்பன் என்பதை அடித்தார். கன்னியப்பன் எட்டிப் பார்த்து, அந்த அண்ணன் சாவை இத்தனை மாசம் நான் வச்சிக்கினு இருந்தேன் என்று யாரிடம் என்றில்லாமல் சொன்னார். காவலாளி மேலே புதிய பெயரை எழுதினார். எழுதியாகிவிட்டதா என்று மன்மாயா கேட்டாள். ஆயிற்று என்று ஜாபர் சார் அந்த எழுத்துகளைக் காட்டினார்.

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அன்னிக்கு ஆஸ்பத்திரில, காண்ட்ராக்டர் நீ அழக்கூடாது சொன்னான். தூரமா நில்லு சொன்னான். இப்ப அழலாமா?"

லட்சுமிதான் முன்னால் வந்தாள். அந்த நாளில் அவளைத்தான் அழுவதற்காக ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவள் மன்மாயாவின் தோளைப் பிடித்துச் சுவரோரமாக உட்கார வைத்து, அழும்மா என்றாள். மன்மாயா அழுதாள். நாங்கள் மூன்று பேரும் காவலாளியையும் அழைத்துக்கொண்டு வெளியே வந்து, அந்த அறைக்குள் யாரும் போகாதபடி வாசலில் நின்றோம்.